நூற்றில் மூன்று

என் மனைவி வேரோனிக்கா, அமெரிக்காவில் போய்ப் படிக்கட்டுமா என்று தன் முப்பத்தைந்தாவது வயதில் கேட்டபோது நான் உடனே சம்மதித்தேன். எத்தனை வருடம் என்றுகூடக் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஞாயிறு தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வருகிற பெண்கள் தங்கள் கணவன்மாரிடம் என்னை உதாரணம் காட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் ஏன் சம்மதித்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அது 1995ஆம் ஆண்டு கோடை. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வெக்ஸ்போர்ட்டில், லோரன்ஸ் வீதி ஓரமாக நின்ற ஓர் அடுக்குமாடியின் ஏழாவது தட்டில் இருந்தோம். நான் மிசிசாகாப் பக்கம், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்தேன். வேரோனிக்கா மருந்துப் போத்தல்களுக்கு மூடி செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்ப்பவளாக இருந்தாள். மணித்தியாலத்துக்கு ஐம்பது மூடி எடுத்து, பழுதை எண்ணி, சுவரில் தொங்கும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், ஷாமிலா. அப்போது ஒன்பது வயது.

வேரோனிக்கா மன்னாரில் பிறந்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதல் வகுப்புச் சிறப்புப் பட்டம். என்னைப் பொறுத்தவரை அது கல்யாணம் பேசும்போது சொல்லப்பட்ட ஒரு தகவல், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் ஓடியதும், கொழும்பில் ஒளித்திருந்ததும், கனடாவுக்கு வந்ததும், வேலை தேடியதும் என்று வருடங்கள் போய்விட்டன. பட்டத்தைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் பேசவில்லை.

ஆனால் அந்தச் சுவர் வரைபடம் அவளை விடவில்லை. மேல்கோடு ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, கீழ்க்கோட்டை யார் தீர்மானித்தது என்று கேட்டுக் கேட்டு, ஒருவருக்கும் பதில் தெரியாததால், நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் புள்ளிவிபரவியல் படிக்கச் சேர்ந்தாள். இரண்டு குளிர்காலம் வேலை முடிந்த கையோடு பஸ்ஸும் சப்வேயும் பிடித்துப் போனாள். எல்லாவற்றிலும் வகுப்பிலேயே முதலாவது. அந்த வகுப்பை எடுத்த எட்வேட் என்ற பேராசிரியர் ஒருநாள் அவளை நிறுத்தி, ‘‘நீ முதலில் எங்கே படித்தாய்?’’ என்று கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கிறாள். அடுத்த கிழமை அவர் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் தன் கலாநிதிப் பட்டத்தைப் பெற்ற இடம் அது. எல்லைக்கு அப்பால், ஐந்து மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற, அமெரிக்காவின் அரச பல்கலைக்கழகங்களில் மிகவும் பேர் எடுத்த ஒன்று. மருந்துகளைப் பரிசோதிக்கும்போது வருகிற கணக்குகளைப் படிக்கிற துறை.

அந்தப் படிவத்தை அவள் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

‘‘போட்டுப் பாக்கட்டே?’’

‘‘கிடைக்குமோ?’’ என்று கேட்டேன்.

‘‘கஷ்டம்தான். அரச யூனிவர்சிட்டி எண்டபடியா முதல்ல அந்த மாநிலத்துப் பிள்ளையள். பிறகு மற்ற மாநிலத்து ஆக்கள். மிச்ச இடம்தான் வெளிநாட்டுக்காரருக்கு. போன வருசம் வெளிநாட்டிலயிருந்து இருநூறு பேர் போட்டவையாம். ஆறு பேரை எடுத்தவையாம்.’’

‘‘நாங்கள் கனடா எல்லோ?’’

‘‘அவைக்குக் கனடாவும் வெளிநாடுதான். எங்களுக்கு இன்னும் சிற்றிசன் வரேல்லை. குடியுரிமை எண்ட இடத்தில இலங்கை எண்டுதான் எழுதவேணும்.’’

இருநூறில் ஆறு. நூற்றில் மூன்று. அந்தக் கணக்கு எனக்கே விளங்கியது.

‘‘போடும், போடும். ஏன் யோசிக்கிறீர்?’’ என்றேன்.

அன்று இரவு நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். அதுதான் உண்மை. அல்பேட் அண்ணை, என் பெரியப்பாவின் மகன், அப்போதுதான் விட்பியில் புது வீடு வாங்கியிருந்தார். பின்வளவில் புல் கூட இன்னும் முளைக்கவில்லை. அதே தெருவில் இன்னும் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்தில் நாங்களும் அங்கே போய்விடலாம் என்று என் மனதில் ஒரு திட்டம் இருந்தது. அதில் அமெரிக்கா இல்லை. விண்ணப்பிக்கட்டும், கிடைக்காது, ஆசை தீரும், நான் நல்லவனாகவும் இருந்துவிடலாம். இப்படித்தான் நினைத்தேன்.

விண்ணப்பத்துக்கு முக்கியமான ஒன்று தேவைப்பட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவளுடைய புள்ளிகளின் பட்டியலை, முத்திரை குத்தி ஒட்டிய உறையில், நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும். அவளிடம் இருந்தது பட்டத்தின் போட்டோப் பிரதி மட்டுமே. ஆகஸ்ட் மாதமே பதிவாளருக்குக் கடிதம் எழுதிவிட்டாள். யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் கப்பலில் போய்ச் சேர்வதற்கே அந்த நாட்களில் எத்தனை கிழமை எடுக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. செப்டெம்பர் போயிற்று. ஒக்டோபரும் போயிற்று.

ஒக்டோபர் கடைசியில், இராணுவம் நெருங்கிவர, ஒரே இரவில், யாழ்ப்பாண நகரமும் சுற்றியிருந்த ஊர்களும் வெளியேறின. தமிழ் வானொலி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சனம் மழைக்குள் நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தில் இருந்த தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் ரெலிபோன் அடித்தபடி இருந்தது. வேரோனிக்காவின் அக்கா குடும்பம் நல்லூரடியில் இருந்தார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் பதினொரு நாள் போனது. பிறகு கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிற்பதாகத் தகவல் வந்தது.

அன்று பின்னேரம் அவள் குசினியில் நின்று அழுதாள். அக்கா கிடைத்ததற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

‘‘எனக்கு வெக்கமாக் கிடக்கு’’ என்றாள். ‘‘சனம் மழைக்குள்ள நிக்குது. கம்பஸில ஒரு பூட்டுத் திறக்கவும் ஆள் இல்லை. நான் அந்த மாக்ஸ் சீற் இனி வராதெண்டு யோசிக்கிறன். அக்காவைத் தேடிக்கொண்டிருக்கேக்கயும் அது நினைவில வந்தது.’’

சரி, இத்தோடு முடிந்தது என்ற நினைப்பு எனக்கு வந்தது. அதை நினைத்து நானும் வெட்கப்பட்டேன்.

ஆனால் அவள் முடிக்கவில்லை. அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். நான் வாசித்துப் பார்த்தேன். கெஞ்சலாக ஒரு சொல்லும் இல்லை. ‘நான் படித்த நகரத்தில் இப்போது ஆட்கள் இல்லை. என் புள்ளிகளை அனுப்ப அங்கே ஒருவரும் இல்லை. நான் கணிதம் படித்தவள் என்பதை வேறு எந்த வழியில் நிரூபிக்கலாம் என்று தெரிவியுங்கள்.’ இவ்வளவுதான்.

நவம்பர் நடுப்பகுதியில் பதில் வந்தது. அனுபவமுள்ள ஒரு பெண் எழுதியிருந்தாள் என்று நினைக்கிறேன். கடிதம் சுருக்கமாகவும் அன்பாகவும் இருந்தது. பட்டதாரிகளுக்கான கணிதப் பாடப் பரீட்சையை எழுதி, அதில் மிக நல்ல புள்ளி பெற்றால், குழு அதைக் கவனத்தில் எடுக்கக்கூடும். உறுதி எதுவும் தர முடியாது. பரீட்சை டிசம்பர் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை.

எட்வேட்டிடம் கேட்டபோது அவர் தலையில் கைவைத்தார். அந்தப் பரீட்சைக்குப் பதியும் திகதி எப்போதோ முடிந்துவிட்டது. ஒரே ஒரு வழி. பரீட்சை நாள் காலையில் போய் ஸ்ரான்பை வரிசையில் நிற்கலாம். பதிந்தவர்கள் யாராவது வராமல் விட்டால், அந்தக் கதிரைகளை வரிசையில் நிற்கிறவர்களுக்கு வந்த ஒழுங்கில் கொடுப்பார்கள்.

‘‘கதிரை இல்லாட்டி?’’ என்று நான் கேட்டேன்.

‘‘இல்லாட்டி இல்லை’’ என்றாள்.

அதற்கு மூன்றரைக் கிழமைதான் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் தொடாத கணிதம். நூலகத்திலிருந்து புத்தகங்களைச் சுமந்து வந்தாள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் படித்தாள். சோறு அவியும்போது படித்தாள். ஷாமிலா தன் வீட்டுப்பாடத்தை ஒரு பக்கமும் வேரோனிக்கா தன் கொப்பியை மறுபக்கமும் வைத்துக்கொண்டு ஒரே மேசையில் இருந்தார்கள்.

‘‘அம்மா, ஆர் யூ ஸ்ரக்?’’ என்று மகள் கேட்பாள்.

‘‘ஓம் பிள்ளை, நல்லா இறுகிப்போனன்’’ என்பாள் இவள்.

முதல் கிழமை அவள் பயந்துபோயிருந்தாள். பழைய பாடங்களில் பாதி மறந்துவிட்டதென்றாள். இரண்டாம் கிழமை மேசையில் கோபமாக இருந்தாள். மூன்றாம் கிழமை ஒருநாள் நான் வேலையால் வந்தபோது, ஒரு கணக்கை முடித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரிப்பை நிறுத்தினாள். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

பரீட்சைக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை பனி கொட்டத் தொடங்கியது. அவளுக்குத் தடிமனும் காய்ச்சலும். மண்டபம் நகர நடுவில், எட்டு மணிக்குத்தான் கதவு திறப்பார்கள். வரிசை எப்போது தொடங்குமென்று ஒருவருக்கும் தெரியாது.

விடிய நாலரைக்கு எனக்கு விழிப்பு வந்தது. அவள் அப்போதுதான் அயர்ந்து தூங்கியிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. ‘நான் போய் வரிசையில் நிற்கிறேன், நீர் ஆறரைக்கு எழும்பி வாரும்’ என்று ஒரு துண்டில் எழுதி மணிக்கூட்டுக்குக் கீழே வைத்தேன். ஷாமிலாவைக் கீழ்த்தட்டில் இருந்த யோகராணி அன்ரி பார்த்துக்கொள்வதாக ஏற்கெனவே சொல்லியிருந்தா.

ஏன் போனேன் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. அவள் தோற்க வேண்டும் என்று நினைத்தவன் நித்திரையாகக் கிடந்திருக்கலாம். கார்க் கண்ணாடியில் இருந்த பனியைச் சுரண்டும்போது எனக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது: என்னோடு இவ்வளவு காலம் வாழ்ந்தவள், ஒரு கதிரை இல்லாத காரணத்தால் திரும்பி வரக்கூடாது.

ஐந்தரைக்கு மண்டப வாசலுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு சீன இளைஞன் மட்டும் நின்றான். பேர் கேட்டேன், வெய் என்றான். நான் இரண்டாவது. விமான நிலையத்தில் போடுகிற தடித்த மேலங்கியும் பாரமான சப்பாத்தும் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு சமன்பாடும் ஒழுங்காகச் செய்யாத நான், கணிதப் பரீட்சைக்கு வரிசையில் நின்றேன். ஏழு மணியாகும்போது எனக்குப் பின்னால் பதினொரு பேர்.

‘‘நீங்கள் எந்தத் துறை?’’ என்று வெய் ஆங்கிலத்தில் கேட்டான்.

‘‘நான் இல்லை. என் மனைவி. அவவுக்காக நிற்கிறேன்.’’

பின்னால் நின்ற கண்ணாடிக்காரப் பெடியனுக்கு அது பிடிக்கவில்லை. ‘‘அப்படி நிற்க முடியாது. எழுதுகிறவர்தான் நிற்க வேண்டும்’’ என்றான். வேறு ஒருவனும் முணுமுணுத்தான். வெய் திரும்பி அவர்களைப் பார்த்து, ‘‘இவர் ஐந்தரை மணியிலிருந்து இங்கே நிற்கிறார். இரண்டாவது இடம் இவருடைய மனைவிக்கு. நான் பார்த்தேன்’’ என்றான்.

ஏழே முக்காலுக்கு அவள் வந்தாள். தலையைச் சுற்றிக் கம்பளிச் சால்வை, மூக்குச் சிவந்திருந்தது. வரிசையின் நீளத்தைப் பார்த்து முகம் வாடியது. பிறகு முன்னால் என்னைக் கண்டாள்.

‘‘விசரே உங்களுக்கு? கை விறைச்சுப்போச்சு’’ என்று என் கையைப் பிடித்தாள்.

‘‘உள்ள போம். பென்சில் இருக்கோ?’’

பதிந்தவர்கள் எல்லோரும் உள்ளே போய் இருந்த பிறகு, ஒரு பெண் வெளியே வந்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு கதிரைகள். வெய்யும் வேரோனிக்காவும் உள்ளே போனார்கள். மற்றப் பதினொரு பேரும் பனிக்குள் திரும்பி நடந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

மூன்று மணித்தியாலம் கழித்து வெளியே வந்தாள். ‘‘எப்பிடி?’’ என்று கேட்டேன். ‘‘அறுபத்தாறில ஐம்பத்தெட்டுச் செய்தனான். மிச்சத்தைத் தொடேல்லை. குத்துமதிப்பாப் போட்டுப் பிழைச்சா கழிப்பினம்’’ என்றாள். காருக்குள் ஏறியதும் தூங்கிவிட்டாள்.

ஜனவரி கடைசியில் முடிவு வந்தது. எழுதியவர்களில் தொண்ணூற்று நான்கு வீதமானவர்களை அவள் தாண்டியிருந்தாள். காய்ச்சலோடு, மூன்றரைக் கிழமைப் படிப்பில். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சரக்கு இறக்குமிடத்தில் எங்களோடு வேலை செய்த ஸ்ரீதரனுக்குக் காட்டினேன். மேலாளருக்கும் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று விளங்கவில்லை, இருந்தாலும் கைகொடுத்தார்.

அல்பேட் அண்ணைக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். ‘‘உவள் பெட்டையைப் படிப்பிக்கிற வயசில மனிசியைப் படிப்பிக்கிறியே? வீட்டு அலுவலைப் பார் தம்பி.’’

‘‘அவவை நான் படிப்பிக்கேல்லை அண்ணை. அவவாப் படிக்கிறா’’ என்றேன்.

பெப்ரவரி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு ஓய்வு நாள், வேரோனிக்கா வேலையில். பகல் ஒரு மணிபோல ரெலிபோன் அடித்தது. ஏதோ விற்கிற ஆள் என்று நினைத்து வைக்கப் போனேன். அப்போதுதான் அந்த மனிதர் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். அவர் மாணவர்களைத் தெரிவு செய்யும் குழுவில் இருக்கிற பேராசிரியர். நாளை காலை குழு கூடுகிறது. அதற்கு முன் வேரோனிக்காவோடு கொஞ்சம் பேச வேண்டும். மூன்று மணிவரை தன் அறையில் இருப்பார். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

அவள் வேலை முடிந்து வர ஐந்தாகும்.

அழைப்பு வந்ததே எனக்கு மட்டும்தான் தெரியும். பிந்திச் சொன்னால் போதும். ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை. அந்த யோசனை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வந்த வேகத்திலேயே போகவும் போனது.

‘‘சேர்’’ என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். ‘‘என் மனைவி மூன்று மணிக்கு முன் உங்களை அழைப்பா. தயவுசெய்து அறையை விட்டுப் போக வேண்டாம். அந்தப் பரீட்சையை அவ காய்ச்சலோடு எழுதினவ. பதியவும் இல்லை, ஸ்ரான்பையில் நின்று எழுதினவ. இது உங்கள் தாளில் இருக்காது.’’

மறுபக்கத்தில் சிரிப்புக் கேட்டது. ‘‘இல்லை, இது தாளில் இல்லை. சொன்னதற்கு நன்றி. நான் காத்திருக்கிறேன்’’ என்றார்.

இருபது நிமிடத்தில் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவளுடைய மேற்பார்வையாளர் யோசப், போர்த்துக்கல்காரர், வாசலில் என்னைக் கண்டதும் வீட்டில் ஏதோ விபத்து என்று பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் தன் கண்ணாடி அறையைத் திறந்துவிட்டார். ‘‘என் மேசையில் இருக்கட்டும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும்’’ என்றார்.

வேரோனிக்கா தலைமயிரை மூடும் வலையைக் கழற்றாமலே உள்ளே போய் இருந்தாள். இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினாள். நான் வெளியே, இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நின்றேன். ஒரு சொல்லும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் பார்க்கத்தான் முடிந்தது.

முதலில் ஒடுங்கிப்போய் இருந்தாள். ‘ஓம், ஓம்’ என்பதுபோலத் தலையாட்டினாள். பிறகு மேசையில் கிடந்த ஒரு பழைய வரைபடத்தைப் பிரட்டி, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். எழுதியபடியே பேசினாள். கொஞ்சம் கொஞ்சமாக முதுகு நிமிர்ந்தது. இடது கை காற்றில் எதையோ பிரித்து இரண்டு பக்கமாக வைத்தது. அந்தப் பேராசிரியரால் அவளைப் பார்க்க முடியாது, இருந்தாலும் கையைக் காட்டி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் மறுத்துத் தலையாட்டினாள். நான் திடுக்கிட்டேன், பேராசிரியரையே மறுக்கிறாள்! பிறகு சிரித்தாள். குசினி மேசையில் நான் ஒருநாள் கண்ட அதே சிரிப்பு.

என் பக்கத்தில் வந்து நின்ற யோசப், ‘‘உன் மனைவி ஆசிரியையா?’’ என்று கேட்டார்.

‘‘ஓம்’’ என்றேன். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் கன்னியர் மடப் பள்ளியில் அவள் படிப்பித்தவள். ஆனால் அவள் படிப்பித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

நாற்பது நிமிடம். வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

‘‘என்ன கேட்டவர்?’’

‘‘ஒரு மருந்தைச் சோதிக்கேக்க, பாதிப் பேர் இடையில வராமல் விட்டா என்ன செய்வீர் எண்டு கேட்டவர். வந்த ஆக்களை மட்டும் வைச்சுக் கணக்குப் பாக்கலாமோ எண்டு.’’

‘‘நீர் என்ன சொன்னீர்?’’

‘‘ஏன் வரேல்லை எண்டு முதல்ல கேக்கவேணும் எண்டு சொன்னன். சுகம் வந்து நிண்டவையோ, செத்துப்போனவையோ எண்டு தெரியாமல் ஒரு சூத்திரமும் உதவாது. அவர் ஒரு வழி சொன்னவர். அது சரிவராது எண்டன். இஞ்ச மெஷின்காரர் நான் வரமுதல் பழுதை எடுத்துக் குப்பையில போட்டிடுவினம். அதால என்ர படத்தில எல்லாம் நல்லாயிருக்கும். நான் குப்பை வாளியையும் எண்ணிறனான் எண்டு சொன்னன்.’’

யோசப்புக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

பங்குனி மாதம் இரண்டாம் கிழமை கடிதம் வந்தது. ஷாமிலாதான் கீழே தபால் பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். தடித்த உறை. அவளே கிழித்து, முதல் வரியை வாசித்துவிட்டு, ‘‘அம்மா, யூ கொட் இன்! யூ கொட் இன்!’’ என்று சோபாவில் ஏறிக் குதித்தாள். சேர்க்கை மட்டுமில்லை. இளநிலை மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கிற உதவியாளர் பதவியும் தந்திருந்தார்கள். படிப்புச் செலவு அதிலேயே போய்விடும். ஓரத்தில் அந்தப் பேராசிரியர் பேனையால் எழுதியிருந்தார்: ‘குப்பை வாளியைப் பற்றிக் குழுவுக்குச் சொன்னேன். எதிர்ப்பு இருக்கவில்லை.’

வேரோனிக்கா கடிதத்தை வாசிக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு முன்னால் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. மகளை யோகராணி அன்ரி வீட்டுக்குச் செய்தி சொல்ல அனுப்பிவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

‘‘வேரோனி, நான் ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு நான் ஓமெண்டது, உமக்குக் கிடைக்காது எண்டு நினைச்சு.’’

‘‘தெரியும்’’ என்றாள்.

‘‘தெரியுமோ? எப்ப?’’

‘‘அண்டைக்கே. நூற்றில மூண்டு பேர் எண்டு கணக்குப் பாத்திட்டு உடன ஓம் எண்டியள். வேற ஒரு கேள்வியும் இல்லை. பிள்ளையை ஆர் பாக்கிறது, எத்தினை வருசம், ஒண்டும் கேக்கேல்லை.’’

‘‘பிறகு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?’’

‘‘எனக்குச் சம்மதம் வேணும். காரணம் என்னவாவது இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்.’’ கொஞ்சம் நிறுத்தினாள். ‘‘பிறகு பனிக்குள்ள அந்தச் சப்பாத்தோட நிண்டியள். அதுக்குப் பிறகு நான் அதைப்பற்றி யோசிக்கேல்லை.’’

அதன் பிறகுதான் நான் கேட்காமல் விட்ட கேள்விகளையெல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றாகப் பேசினோம். ஷாமிலா என்னோடு ரொறன்ரோவில் இருப்பாள். பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டாம். நான் பகல் வேலைக்கு மாற்றிக்கொள்வேன். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அவள் பஸ்ஸில் வருவாள்; அல்லது நாங்கள் போவோம். விட்பி பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்குச் சோறு, பருப்பு, முட்டைப் பொரியல் தவிர ஒன்றும் சமைக்கத் தெரியாது என்பதில் மட்டும் அவளுக்குப் பயம் இருந்தது. சம்பல் எப்படி என்று அந்தச் சித்திரை மாதமே பழகத் தொடங்கினேன்.

ஜூன் மாதம் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. இலங்கையராக விண்ணப்பித்தவள், கனேடியராகப் படிக்கப் போனாள். இரண்டும் அமெரிக்கர்களுக்கு வெளிநாடுதான்.

பூசை முடிந்த ஒரு ஞாயிறு, அல்பேட் அண்ணை என் பக்கத்தில் நின்றுகொண்டு யாரோ புதியவர்களுக்கு அவளைக் காட்டி, ‘‘உது எங்கட தம்பியின்ர மனிசி. இருநூறு பேரில ஆறு பேரை எடுத்தவங்கள். அதில ஒராள்’’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கட என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார். நான் திருத்தவில்லை.

ஆவணி கடைசியில் மூன்று பேருமாகக் காரில் புறப்பட்டோம். பின்னால் ஒரு பெட்டி உடுப்பு, இரண்டு பெட்டி புத்தகம், ஒரு சாக்கு அரிசி. வின்சர் பாலத்தின் மறுகரையில் எல்லை அலுவலர் குனிந்து உள்ளே பார்த்தார். பின் ஆசனத்தில் ஷாமிலா. முன்னால் நாங்கள் இருவர்.

‘‘யார் மாணவர்?’’ என்று கேட்டார்.

‘‘என் மனைவி’’ என்றேன். அவர் கேட்டதற்கு அந்த அளவு சத்தம் தேவையில்லை. ‘‘கலாநிதிப் பட்டம். புள்ளிவிபரவியல்.’’

அவர் தாள்களைப் புரட்டினார். ‘‘முதல் பட்டம் எங்கே, அம்மா?’’

‘‘யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்’’ என்று வேரோனிக்கா சொன்னாள். அவர் எழுத்துக் கூட்டச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாக, அவசரப்படாமல் சொன்னாள். அவர் அதைத் தன் படிவத்தில் எழுதி, முத்திரை குத்தி, தாள்களை என்னிடம் தராமல் என்னைக் கடந்து அவளிடம் நீட்டினார்.

வகுப்புகள் தொடங்கிய முதல் ஞாயிறு பகல் அவள் ரெலிபோன் எடுத்தாள். இருபத்தெட்டு மாணவர்களாம். அவள் பேசும் ஆங்கிலம் விளங்குமோ என்று பயந்தாளாம். பத்து நிமிடத்தில் எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்களாம்.

‘‘என்ன படிப்பிச்சனீர்?’’ என்று கேட்டேன்.

‘‘உங்களுக்கு விளங்காதப்பா.’’

‘‘சொல்லுமன்.’’

அவள் சொன்னாள். சராசரி என்றால் என்ன, அது எப்போது ஆளை ஏமாற்றும் என்று இருபது நிமிடம் விளங்கப்படுத்தினாள். ஷாமிலா மற்ற ரெலிபோனில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. திங்கட்கிழமை சரக்கு இறக்குமிடத்தில், ஸ்ரீதரனையும் இன்னொருவனையும் நிறுத்திவைத்து, அந்தப் பாதியை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.